கோலி நாய்: மீட்பும் உடல்நலப் பராமரிப்பும்

கோலி, ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் அவற்றை ஒட்டிய வட இங்கிலாந்திலும் ஆடு மேய்ப்பதற்காக உருவான நாயினம். குளிர்க்காற்றையும் தூறலையும் தாங்க இரண்டு அடுக்கு முடி, மேய்ப்பன் கண்ணசைவுக்குக் கட்டுப்படும் புத்தி, நாள் முழுதும் ஓடச் சலிக்காத கால்கள் ஆகியவை இதன் இயல்புகள். 1860களில் பால்மோரல் மாளிகையில் தங்கிய விக்டோரியா அரசி இவ்வினத்தை விரும்பி வளர்க்கத் தொடங்கிய பிறகு, பட்டியில் இருந்த நாய் கண்காட்சி மேடைக்கு ஏறியது. லாஸ்ஸி என்ற கோலியைப் பற்றி எரிக் நைட் 1940இல் வெளியிட்ட நாவலும், 1943இல் வந்த திரைப்படமும் இதை உலகெங்கும் வீட்டுப் பிள்ளையாக்கின. இன்று கோலி என்ற பெயரில் நீள்முடிக் கோலி, குறுமுடிக் கோலி ஆகிய இரண்டும் அடங்கும். பார்டர் கோலியும் ஷெட்லாந்து ஷீப்டாக்கும் உறவினங்கள். ஆனால் தனி இனங்கள். நீள்முடிக் கோலி வளர்ந்தால் 20 முதல் 34 கிலோ வரை எடையிருக்கும்; நன்றாகப் பேணினால் 12 முதல் 14 ஆண்டுகள் வாழும்.

இந்த நாய் திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் வாழ நேரும்போது இரண்டு சிக்கல்கள் ஒன்றாகச் சேர்கின்றன. ஒன்று, அதன் பரம்பரையோடு வந்த மரபணுக் குறை. மற்றொன்று, கேரளத்தின் உண்ணி, கொசு, ஈரம் ஆகியவை தரும் நோய்கள். இரண்டாவதைத் தீர்க்கக் கையில் எடுக்கும் மருந்தே முதலாவதைத் தூண்டி நாயைக் கொன்றுவிடக்கூடும். கோலியை மீட்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டியது இதைத்தான்.

வீட்டிலிருந்து தெருவுக்கு

வணிக இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதை இந்திய அரசு 2016இல் தடை செய்தது. அதனால் சந்தையில் விற்பனையாகும் கோலிக்குட்டிகள் பெரும்பாலும் உள்நாட்டிலேயே பிறந்தவை. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. பெண் நாய்க்கு ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது என்றும் வரம்பிடுகின்றன. இவ்வரம்புகளை மதிக்காத இடங்களில் தாய் நாய்கள் ஈன்று ஓய்ந்ததும் சுமையாகிவிடுகின்றன. நெருங்கிய உறவுகளுக்குள் இணைசேர்ப்பதால் குட்டிகளின் குறைகளும் பெருகுகின்றன.

தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, சௌ சௌ உள்ளிட்ட 11 இனங்களை வெப்ப நாட்டுக்கு ஒவ்வாதவை என ஒதுக்கியது. கோலி அந்தப் பட்டியலில் இல்லை. வெயிலைக் கொஞ்சம் தாங்கும் நாய் என்று அதைக் கொள்ளலாமே தவிர, வெயிலுக்கு ஏற்ற நாய் என்று கொள்ள இடமில்லை.

கைவிடப்படும் காரணங்கள் எளியவை. திரையில் கண்ட அழகுக்காக வாங்கியவர் தினமும் உதிரும் முடியைக் கண்டு மலைக்கிறார். மேய்க்க ஆடில்லாத கோலி குழந்தைகளின் பின்னாலும் இருசக்கர வண்டிகளின் பின்னாலும் ஓடி வளைக்கப் பார்க்கிறது. தனியே விட்டால் ஓயாமல் குரைக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் புகார் எழுகிறது. கேரளத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு: குடும்பத்தோடு வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ புறப்படும்போது வீடு பூட்டப்படுகிறது, நாய்க்கு இடமில்லாமல் போகிறது.

சட்டம் சொல்வது

வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 325ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது.

விலங்கு வதைக்கு எதிரான சட்டத்துக்குக் கேரளத்தில் கவனம் கிடைத்ததில் திருவனந்தபுரம் மாவட்டத்து நிகழ்வு ஒன்றுக்குப் பங்குண்டு. 2021 ஜூன் இறுதியில் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடார் நாய் அடித்துக் கொல்லப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, அதற்கு அந்த நாயின் பெயரையே சூட்டியது. வளர்ப்பு விலங்குகளை உரிமையாளர்கள் உள்ளாட்சி அமைப்பில் பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவு அந்த வழக்கில்தான் பிறந்தது. நாய்க்கு உரிமம் பெற வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை. தோலுக்கடியில் நுண்சில்லு பதித்து, அதன் எண்ணை உரிமையாளர் பெயரோடு பதிந்து வைத்தால், தொலைந்த நாயையும் கைவிடப்பட்ட நாயையும் பிரித்தறிய முடியும்.

2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். வளர்ப்பு நாயின் பொறுப்பு உரிமையாளருடையது. தெருவில் திரியும் கோலியைத் தெருநாயாகக் கருதி அதே இடத்தில் விட்டால் அது பிழைப்பது அரிது. அதற்குத் தெருக்கூட்டத்தின் ஒழுங்கும் தெரியாது, இரை தேடவும் தெரியாது. எனவே அதற்குரிய வழி வேறு: காவல் நிலையத்துக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் தெரிவித்தல், நுண்சில்லு பார்த்தல், உரிமையாளரைத் தேடுதல், கிடைக்காவிட்டால் புது வீடு அமைத்தல். திருவனந்தபுரத்தில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் கிளை போன்ற அமைப்புகளும் தனி ஆர்வலர்களும் எல்லா இன நாய்களுக்கும் இப்பணியைச் செய்கின்றனர். குடப்பனக்குன்னில் உள்ள அரசின் பன்முகச் சிறப்புக் கால்நடை மருத்துவமனை, பாலோட்டில் உள்ள விலங்கு நோய் ஆய்வு நிலையம் ஆகியவை மருத்துவத் துணையாக உள்ளன.

முதல் நாள்

மீட்கப்படும் கோலி பெரும்பாலும் முடி சடை பிடித்து, உண்ணி மொய்த்து, எலும்பு தெரிய இருக்கும். அடர்ந்த முடி மெலிவை மறைத்துவிடும் என்பதால் விலாவையும் முதுகெலும்பையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஈறு வெளிறியிருந்தால் இரத்தச்சோகை இருக்கலாம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் வெப்பத்தாக்கு எனக் கொண்டு, சாதாரணக் குளிர்நீரால் நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பலநாள் பட்டினி கிடந்த நாய்க்கு வயிறு நிறைய உணவிடுவது ஆபத்து. இரத்தத்தில் உப்புகளின் அளவு திடீரெனச் சரியும். சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்து, சில நாட்களில் முழு அளவுக்கு வர வேண்டும்.

தடுப்பூசி விவரம் தெரியாத நாயை இரண்டு வாரமாவது மற்ற நாய்களிடமிருந்து விலக்கி வைப்பது நல்லது. டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய தொற்றுநோய்கள் இந்த இடைவெளியில்தான் தலைகாட்டும். மீட்புப் பணியில் இருப்பவர்கள் வெறிநோய்க்கான முன்தடுப்பூசியை ஏற்கெனவே போட்டிருக்க வேண்டும். கடித்தால், நாய் சாதுவாகத் தெரிந்தாலும், காயத்தைச் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றுக்குப் பிறகு உண்ணியையும் புழுவையும் நீக்க வேண்டும். இங்குதான் கை நின்று யோசிக்க வேண்டும்.

ஓர் ஊசியின் கணக்கு

மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கிடைத்த ஐவர்மெக்டின், மனிதரின் ஆற்றோரக் குருட்டு நோயையும் கால்நடைகளின் புழுக்களையும் அடக்கிய மருந்து. அதன் பின்னணியிலுள்ள ஆய்வுக்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெலும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். விலை குறைவு, உண்ணி, சொறி, புழு எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. ஆகவே மாடு முதல் தெருநாய் வரை எல்லாவற்றுக்கும் அது போடப்படுகிறது. ஆனால் இம்மருந்து சந்தைக்கு வந்த 1980களின் தொடக்கத்திலேயே, ஊசி போட்ட கோலிகள் தள்ளாடி விழுந்து மயங்குவதை மருத்துவர்கள் கண்டனர்.

காரணம் 2001இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தெரியவந்தது. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்ச் சுவரில் பி-கிளைக்கோபுரதம் என்ற வெளியேற்றும் புரதம் உண்டு. உள்ளே நுழையும் சில மருந்துகளை அது பிடித்து இரத்தத்துக்கே திருப்பித் தள்ளும். இதை உருவாக்கும் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தால் புரதம் பாதியிலேயே நின்றுவிடும். தள்ளும் ஆளில்லாமல் மருந்து மூளையில் தங்கி நரம்புச் செய்திகளை அடக்கும். கோலிகளில் ஏறத்தாழ 70 சதவீதத்திடம் இந்தக் குறையின் ஒரு படியாவது உண்டு. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் 50 சதவீதம், ஷெட்லாந்து ஷீப்டாகில் 15, ஜெர்மன் ஷெப்பர்டில் 10 சதவீதம் என்று மதிப்பிடப்படுகிறது. பார்டர் கோலியில் அரிது. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையைப் பெற்ற நாய்க்கு ஆபத்து மிகுதி. ஒருவரிடமிருந்து பெற்றதற்கு ஓரளவு. கலப்பின நாயிலும் இது ஒளிந்திருக்கலாம்.

சந்தையில் கிடைக்கும் ஒரு சதவீத ஐவர்மெக்டின் ஊசிமருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கும். மாட்டுக்கு 50 கிலோவுக்கு ஒரு மில்லிலிட்டர் என்பது வழக்கமான அளவு. அதே கணக்கில் 25 கிலோ கோலிக்கு அரை மில்லிலிட்டர் போட்டால், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் உள்ளே போகும். குறையுள்ள கோலிக்குக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் அளவிலேயே நச்சுக்குறிகள் தோன்றிவிடுகின்றன. சொறிக்குத் தரும் அளவுகள் இதைவிடவும் கூடுதல். மறுபுறம், இதயப்புழுவைத் தடுக்க மாதம் ஒருமுறை தரும் அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் மட்டுமே. அதைக் கோலியும் தாங்கும். ஆகவே ஐவர்மெக்டின் என்ற பெயரைக் கேட்டதும் அஞ்ச வேண்டியதில்லை; அளவைக் கேட்காமல் ஊசி போட விடக்கூடாது.

நச்சேறினால் சில மணி நேரத்தில் கண்மணி விரியும், வாயில் எச்சில் ஒழுகும், நடை தடுமாறும், பார்வை போகும், நடுக்கம் எடுக்கும். பின்னர் ஆழ்ந்த மயக்கம். இதற்கு மாற்றுமருந்து கிடையாது. நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், திரவம் ஏற்றி, மூச்சுக்குத் துணைசெய்து, புரட்டிப் படுக்க வைத்துக் காத்திருக்க வேண்டும். பொறுமையாகப் பார்த்த நாய்கள் மீண்டதுண்டு. ஐவர்மெக்டின் தந்த மாட்டின் அல்லது குதிரையின் சாணத்தைத் தின்றும் நாய்க்கு நச்சேறலாம் என்பதால், மாட்டுத்தொழுவம் அருகிலிருந்தால் புழுநீக்கிய நாட்களில் கோலியைக் கட்டியே வைக்க வேண்டும்.

இதே குறையால் வேறு சில மருந்துகளும் மாறி வேலைசெய்கின்றன. மனிதருக்கு வயிற்றுப்போக்கை நிறுத்த வீட்டில் வைத்திருக்கும் லோபராமைடு மாத்திரை கோலியை மயக்கிவிடும். அதைத் தரவே கூடாது. அமைதிப்படுத்தும் அசெப்ரோமசினையும் வலிநீக்கும் பியூட்டார்பனாலையும், குறையின் ஒரு படி உள்ள நாய்க்கு 25 சதவீதமும் இரு படி உள்ளதற்கு 30 முதல் 50 சதவீதமும் குறைத்துத் தர வேண்டும். தெருவில் திரிந்த நாய்களிடம் இந்தியாவில் அடிக்கடி காணும் பிறப்புறுப்புப் புற்றுக்கட்டி, இணைசேர்கையில் தொற்றுவது. அதற்கு வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் ஏற்றுவதே வழக்கமான சிகிச்சை. கோலிக்கு அதன் அளவையும் குறைத்து, ஒவ்வொரு ஊசிக்கும் முன் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறை இருக்கிறதா என்பதைக் கன்னத்தின் உட்புறத்திலிருந்து பஞ்சால் எடுக்கும் மாதிரியிலோ இரத்தத்திலோ மரபணுச் சோதனை செய்து அறியலாம். ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் போதும். முடிவு வரும்வரை ஒவ்வொரு கோலியும் குறையுள்ளது எனக் கொள்வதே பாதுகாப்பு. மாற்று மருந்துகள் உண்டு: உண்ணிக்கு ஃபிப்ரோனில் தைலம் அல்லது ஃப்ளூராலனர் போன்ற மாத்திரை, குடற்புழுவுக்குப் பைரன்டெலும் ஃபென்பெண்டசோலும். குறையுள்ள கோலிகளிலேயே சோதித்துப் பார்த்து ஃப்ளூராலனர் பாதுகாப்பானது எனக் கண்டிருக்கிறார்கள்.

சொறி போலத் தோன்றுபவை

முடி கொட்டி முகத்தில் செதில் படர்ந்த கோலியைக் கண்டதும் சொறி என்று முடிவுகட்டுவது இயல்பு. ஆனால் இவ்வினத்துக்குப் பரம்பரையாக வரும் டெர்மட்டோமயோசிட்டிஸ் என்ற தோல்-தசை அழற்சியும் அப்படித்தான் தோன்றும். குட்டிக்கு ஆறு மாதம் ஆவதற்குள், கண்ணைச் சுற்றியும் காது நுனியிலும் வால் நுனியிலும் முன்னங்கால்களிலும் புண்ணும் முடியிழப்பும் வரும். கடுமையானால் மெல்லும் தசையும் தேயும். வெயிலும் மன அழுத்தமும் அதைக் கூட்டும். மூக்கின் மேல்தோல் நிறமிழந்து வெடிக்கும் லூப்பஸ் நோயும் கோலியிடம் காணப்படுவதே. நிலநடுக்கோட்டை ஒட்டிய திருவனந்தபுரத்தின் வெயில் அதை மோசமாக்கும். இவற்றுக்குச் சொறி ஊசி பயன் தராது. குறையுள்ள நாய்க்குச் சாவையே தரும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் சிற்றுண்ணியைக் கண்ட பிறகே சொறி என்று சொல்ல வேண்டும். அப்போதும் ஃப்ளூராலனர் வகை மாத்திரையே போதுமானது.

கண்ணும் நிறமும்

கோலிக்கண் குறை என்பது விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக்குழாய்ப் படலம் சரியாக வளராமல் போவது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் கண் மருத்துவர் பார்த்தால் தெரியும். பிறகு நிறமி மூடி மறைத்துவிடலாம். பெரும்பாலான நாய்கள் இதனுடனேயே நன்றாகப் பார்க்கும். சிலவற்றுக்கு விழித்திரை விலகிக் குருடாகும். குருட்டுக் கோலி வீட்டுப் பொருட்களின் இடம் மாறாதவரை நடமாடப் பழகிக்கொள்ளும். அதைத் தத்துக் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

நீலச்சாம்பல் திட்டுகள் கொண்ட மெர்ல் நிறத்துக்குச் சந்தையில் விலை அதிகம். இரண்டு மெர்ல் நாய்களை இணைத்தால் கால்வாசிக் குட்டிகள் ஏறத்தாழ முழு வெள்ளையாகப் பிறக்கும். செவிடும் குருடும் அவற்றில் மிகுதி. விற்க முடியாத அந்தக் குட்டிகள்தான் கைவிடப்படுகின்றன. சாம்பல் கோலி எனப்படும் வேறொரு வகைக்கு 10 முதல் 12 நாட்களுக்கு ஒருமுறை வெள்ளணுக்கள் சரிந்து தொற்று வரும். அவை நெடுநாள் வாழ்வதில்லை.

கேரளத்து நோய்கள்

பழுப்பு நாயுண்ணி குளிர்காலம் இல்லாத ஊரில் ஆண்டு முழுதும் பெருகும். முட்டையிட்டு வளர்வது சுவர் வெடிப்பிலும் கூரை இடுக்கிலும் என்பதால், நாயை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. இருப்பிடத்துக்கும் மருந்தடிக்க வேண்டும். அது பரப்பும் பபேசியாவும் எர்லிக்கியாவும் காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, கறுத்த சிறுநீர், மூக்கில் இரத்தம் ஆகியவற்றைத் தரும். காய்ச்சல் கண்ட அன்றே இரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பது உயிர்காக்கும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் நான்கு வாரம் தர வேண்டும். வழக்கமான அளவில் அது கோலிக்கும் பாதுகாப்பானதே.

கொசு பரப்பும் டைரோஃபைலேரியா ரெபன்ஸ் என்ற புழு கேரளத்து நாய்களின் தோலுக்கடியில் வாழ்கிறது. மனிதரின் கண்ணிலிருந்தும் அதை எடுத்திருக்கிறார்கள். இதை நீக்கவும் பலர் ஐவர்மெக்டினையே எடுப்பார்கள் என்பதால், கோலியின் இரத்தத்தில் நுண்புழு கண்டதும் குறிப்பிட்ட அளவில் மாக்சிடெக்டின் தைலம் போன்ற வழியை மருத்துவரிடம் கேட்க வேண்டும். எலிக்காய்ச்சல் மழைக்காலத்து நோய். எலிச்சிறுநீர் கலந்த தேங்குநீரில் நாயை இறங்க விடாமலும், ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டும் காக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டும்.

வெயில், முடி, உணவு

நாய் வேர்த்துக் குளிர்வதில்லை. மூச்சிரைத்து, நாவின் ஈரத்தை ஆவியாக்கிக் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது அந்த ஆவியாதல் மந்தப்படும். ஆகவே 33 டிகிரி திருவனந்தபுர நண்பகல் கோலிக்கு வறண்ட ஊரின் அதே வெப்பத்தைவிடக் கடினம். நடையும் ஓட்டமும் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டுமே. பகலில் நிழலும் மின்விசிறியும் கிண்ணம் நிறைய நீரும் தேவை.

முடியை மழித்துவிடுவது தீர்வாகாது. மேல்முடி வெயிலைத் தடுக்கிறது. மழித்தால் தோல் கருகும், முடி ஒழுங்கற்று வளரும். அடிமுடியை வாரம் இரண்டு மூன்று முறை வேர்வரை சீவி எடுத்தால் காற்று உள்ளே போகும். ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் நனைந்தால் அடிமுடிவரை உலர்த்த வேண்டும். ஈரம் நின்றால் ஒரே இரவில் தோல் சிவந்து நீர் வடியும் புண்ணாகும். காதின் பின்புறமும் தொடையின் பின்புறமும் சடை முதலில் பிடிக்கும் இடங்கள்.

ஆழ்ந்த மார்புள்ள நாய் என்பதால் வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரு நாள் உணவை இரண்டு வேளையாகப் பிரித்துத் தருவதும், உண்ட உடன் ஓட விடாமல் இருப்பதும் வழக்கமாக வேண்டும். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

புது வீடு

தத்துக் கொடுக்குமுன் கருத்தடை செய்துவிடுவது முறை. அது குறையுள்ள மரபணு மேலும் பரவாமல் தடுக்கும். பெண் நாயைக் கர்ப்பப்பைச் சீழிலிருந்தும் காக்கும். முதலில் சில வாரம் தற்காலிக வீட்டில் வைத்தால் அதன் குணம் தெரிந்துவிடும்: வண்டியைத் துரத்துமா, குழந்தையின் குதிகாலைக் கவ்வுமா, பூனையோடு இருக்குமா என்று. தத்தெடுப்பவரின் வீட்டை நேரில் பார்க்க வேண்டும். மதிலுண்டா, பகலில் ஆளுண்டா, வெளிநாடு போனால் யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறெவருக்கும் கொடுக்காமல் மீட்டவரிடமே திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குவது நன்று. உள்ளாட்சி உரிமமும் நுண்சில்லுப் பதிவும் புதியவர் பெயருக்கு மாற வேண்டும். மூளைக்கு வேலை தேடும் நாய் இது. நாளில் இருமுறை நடையும், ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிக்கும் விளையாட்டும், சிறு பயிற்சிகளும் இருந்தால் குரைப்பும் துரத்தலும் தானே குறையும்.

நாயோடு அதன் மருத்துவக் குறிப்பேடும் போக வேண்டும். எம்.டி.ஆர்.1 சோதனையின் முடிவு, தவிர்க்க வேண்டிய மருந்துகள், குறைக்க வேண்டிய அளவுகள் ஆகியவை அதன் முதல் பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். கழுத்துப்பட்டையின் தகட்டிலும் ஐவர்மெக்டின் ஊசி கூடாது என்று பொறிக்க வேண்டும். அடுத்து அந்த நாயைத் தொடப்போகும் மருத்துவர் யார், எந்த ஊர் முகாமில் என்பது எவருக்கும் தெரியாது. அவர் கையில் இந்தச் செய்தி இருந்தால்தான் மீட்பு நிறைவேறும்.